சிங்கப்பூரில் வேலையிடத்தில் அடிபட்டால்: செட்டிநாட்டிலிருந்து புதிதாக வந்திருப்பவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், புதுவயல் பக்கமிருந்து திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் வருகிற தம்பிகளில் பலர், வீட்டு நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தின் வட்டியையும் கூடவே சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். அதனால் கையில் கம்பி கிழித்தாலும், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டாலும், வலியைவிட முன்னதாக வருவது, சொன்னால் வேலை பெர்மிட்டை (வேலை அனுமதியை) ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில் ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெர்மிட்டை ரத்து செய்யும் அதிகாரம் முதலாளிக்கு உண்டு. ஆனால் இழப்பீட்டு உரிமை பெர்மிட்டோடு சேர்ந்து போய்விடுவதில்லை. வேலை போன பிறகும் விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேஸ் கொடுக்கலாம்.

இதற்கான சட்டம் 2019-ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உடலுழைப்பு செய்யும் ஊழியர் எவராயினும், சம்பளம் எவ்வளவாயினும், அவருக்கு முதலாளி தன் செலவில் காப்பீடு எடுத்தாக வேண்டும். தவறு யாருடையது என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை; வேலை செய்கையில், வேலையின் காரணமாகக் காயம் ஏற்பட்டது என்பதே போதும். கம்பெனி லாரியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும் இதில் அடங்கும். போதையில் இருக்கும்போது பட்ட காயத்துக்குப் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்குத் தனி விபத்துக் காப்பீடு இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது முதல் நாள். அடிபட்ட அன்றே சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நின்றுவிடாமல், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எப்படி நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார் என்பதை அவருக்குச் செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். அந்தச் செய்தியின் நாளும் நேரமும் பிற்பாடு உங்களுக்குச் சாட்சி. ஊரில் பழகியபடி எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு விடுதியில் படுத்து, வலி தாங்காமல் நாலாம் நாள் மருத்துவரிடம் போனால், காயம் வேலையிடத்தில்தான் பட்டது என்பதே கேள்விக்குள்ளாகிவிடும். மருத்துவரிடம் கேட்டதற்கு மட்டும் தலையசைக்காமல், "வேலை செய்யும்போது விழுந்தேன்" என்று நீங்களாகவே சொல்லி, அது பதிவில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்லி யாரேனும் அறிவுறுத்தினால், அவர் உங்கள் சம்பள நாளில் துணைக்கு வரப்போவதில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புரியாத மொழியில் இருக்கும் எந்தத் தாளிலும், அதிலும் குறிப்பாக எழுதாமல் விட்ட வெற்றுத் தாளில், கையெழுத்துப் போட வேண்டாம்.

காயத்துக்காக மருத்துவர் ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தாலும், இலகுவான வேலை என்று எழுதிக்கொடுத்தாலும், முதலாளி அதை மனிதவள அமைச்சுக்கு 10 நாள்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டால், நீங்களே அமைச்சின் இணையத்தளம் வழியாகத் தெரிவிக்கலாம். இந்தக் கேஸுக்கு வக்கீல் கட்டாயமில்லை.

எம்.சி. நாள்களுக்கான சம்பளத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வெளிநோயாளியாக 14 நாள் வரையும், மருத்துவமனை விடுப்பில் 60 நாள் வரையும் முழுச் சராசரி வருமானமும், அதற்குமேல் விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை அதில் மூன்றில் இரண்டு பங்கும் தரப்பட வேண்டும். சராசரி வருமானம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமன்று, விபத்துக்கு முந்தைய 12 மாதங்களில் நீங்கள் பார்த்த ஓவர்டைமும் சேர்ந்தது. அடிப்படை 600 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) ஓவர்டைம் 400 வெள்ளியுமாக வாங்கிவந்த ஒருவருக்கு 1,000 வெள்ளியைக் கொண்டு கணக்கிட வேண்டியிருக்க, 600-ஐக் கொண்டு கணக்கிட்டுக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. இதனால்தான் மாதந்தோறும் தரப்படும் சம்பளச் சீட்டைப் படமெடுத்து, ஊரிலுள்ள மனைவிக்கோ அண்ணனுக்கோ அப்போதைக்கப்போது அனுப்பிவைக்கச் சொல்கிறேன். விடுதி மாறும்போதும் போன் தொலையும்போதும் அது அங்கே பத்திரமாக இருக்கும்.

மருத்துவச் செலவும் முதலாளியுடையதே. 2025 நவம்பர் 1 முதல் நிகழும் விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை அல்லது விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை, எது முந்துகிறதோ அதுவரை, அவர் ஏற்க வேண்டும். அந்தச் செலவை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

காயம் ஆறிய பின்னும் விரல் மடங்காமலோ முதுகு வளையாமலோ நின்றுவிட்டால், மருத்துவர் பரிசோதித்து நிலையான ஊனத்தை விழுக்காட்டில் குறிப்பார். தொழிலாளர்கள் இதைத்தான் 'பாயின்ட்' என்கிறார்கள். சராசரி வருமானம், வயதுக்கேற்ற பெருக்கெண், இந்த விழுக்காடு மூன்றையும் பெருக்கினால் தொகை வரும். இந்தத் தொகையைக் குறிக்கும் கணக்கீட்டு அறிவிப்பு கைக்கு வந்ததும் சராசரி வருமானம் சரிதானா என்று முதலில் பாருங்கள். உடன்பாடில்லையென்றால் 28 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். முதலாளியின் கவனக்குறைவைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழியும் உண்டு, ஆனால் அங்கே தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டும். இரண்டில் ஒரு வழியில் மட்டுமே பணம் பெற முடியும்.

இந்த ஊன மதிப்பீடு முடியப் பல மாதங்கள் ஆகலாம். பெர்மிட் ரத்தானவர்களுக்கு அந்தக் காலத்தில் தங்கியிருக்க ஸ்பெஷல் பாஸ் கொடுக்கப்படுவதுண்டு. அதை வைத்துக்கொண்டு அனுமதியில்லாமல் வேறு வேலைக்குப் போவது குற்றம். உணவுக்கும் தங்குமிடத்துக்கும் அப்போதும் முதலாளியே பொறுப்பு. அவர் கைவிட்டால், வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டி.டபிள்யூ.சி.டூ. (TWC2) என்ற தொண்டு அமைப்பையோ நாடுங்கள், பின்னது லிட்டில் இந்தியாவில் இப்படிக் காத்திருக்கும் தொழிலாளர்களுக்கு இலவச உணவும் அளித்துவருகிறது.

ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் மனைவிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "வட்டி ஏறுகிறது, வலியைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போ" என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல், அங்கே அவர் கையிலிருக்கும் எம்.சி.யைக் கிழித்துப் போடவைக்கும். அதற்குப் பதிலாக, அவர் அனுப்பும் சம்பளச் சீட்டு, எம்.சி., மருத்துவ அறிக்கை, பெர்மிட்டின் படம் ஆகியவற்றை அச்செடுத்து ஒரு கோப்பில் வரிசையாக வைத்திருங்கள். மதிப்பீட்டுக்கு முன்பே டிக்கெட் கொடுத்து அனுப்பப் பார்க்கிறார்கள் என்று அவர் போனில் சொன்னால், விமானம் ஏறுவதற்கு முன் மனிதவள அமைச்சிடம் பேசிவிடச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் குடிநுழைவுச் சோதனையைக் கடப்பதற்கு முன்கூட அங்குள்ள அதிகாரியிடம் தன் கேஸ் முடியவில்லை என்று அவர் சொல்லலாம்.