சூடானால் மட்டும் மக்கர் செய்யும் கிளட்ச்: கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

காலையில் கிளம்பும்போது கிளட்ச் நன்றாக இருக்கிறது. பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர் ரோட்டில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகு பெடல் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. முதல் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். கேரேஜுக்குக் கொண்டுபோவதற்குள் வண்டி ஆறிவிடும். ஓட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் "நல்லாத்தானே இருக்கு சார்" என்பார். இன்னொருவர் பார்க்காமலேயே "பிளேட் போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்பார். என் வண்டிக்கு இரண்டும் நடந்தது. கடைசியில் பிளேட்டில் ஒரு குறையும் இல்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் சீல்தான் தேய்ந்திருந்தது.

பெங்களூரில் பத்து வயது தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய செலவு சம்பந்தப்பட்ட விஷயம். கிளட்ச் கிட் பெரும்பாலும் இறக்குமதி, வரும்வரை வண்டி லிஃப்டில் தொங்கும். அதனால் கியர்பாக்ஸில் கை வைக்கும் முன் ஹைட்ராலிக் பக்கத்தை முழுக்கச் சோதித்து முடித்துவிடுங்கள். கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவற்றை அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டிலேயே செய்யலாம்.

அமைப்பு சுலபம். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியே போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும், ஸ்லேவ் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், பிரஷர் பிளேட் பிடியை விடும். மாஸ்டா எம்எக்ஸ்-5, ஹோண்டா எஸ்2000 போன்றவற்றில் ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும், கண்ணால் பார்க்கலாம். நிஸ்ஸான் 370இசட் போன்றவற்றில் அது பெல் ஹவுசிங்குக்குள் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் உறை), கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

1. வண்டியைச் சூடாக்குங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, இதுதான் முக்கியம். குளிர்ந்த வண்டியில் எல்லாச் சோதனையும் பாஸ் ஆகும். சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த சீலின் ஓரமாக எளிதாக நழுவும். இன்னொரு காரணமும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு தரநிர்ணயம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. டாட் 3-க்கு இது 205, 140. எக்ஸாஸ்ட் பக்கமாகக் குழாய் போகும் வண்டியில் பழைய ஆயிலில் ஆவிக் குமிழி உண்டாகிவிட்டால், மிதிப்பது குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். வண்டி ஆறியதும் குமிழி மறைந்துவிடும், கோளாறும் கூடவே மறையும்.

எனவே டிராஃபிக்கில் நன்றாக அலையவிட்டு, கோளாறு தலைகாட்டியதும் வீட்டுக்கு வந்து உடனே சோதியுங்கள்.

2. வழுக்குகிறதா, ஒட்டுகிறதா?

காலியான ரோட்டில் நாலாவது கியரில் நிதானமாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. பெரும்பாலும் அது பிளேட் பிரச்சினைதான். ஒரு விதிவிலக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒட்டுகிறதா என்று பார்க்க: எஞ்சின் ஐடிலில், பெடலை அடிவரை மிதித்து, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரத்தால் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லா கியரும் சுலபமாக விழுகிறது, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றாலும் அதே முடிவுதான். ஹைட்ராலிக் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படும்.

3. பம்ப் செய்து பாருங்கள்

பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்துவிட்டு உடனே கியர் போடுங்கள். இப்போது விழுந்தால் காற்று புகுந்திருக்கிறது, அல்லது ஆயில் எங்கோ கசிகிறது. எத்தனை முறை பம்ப் செய்தாலும் மாற்றமே இல்லை, பெடலும் கெட்டியாக இருக்கிறது என்றால் மட்டும் உள்ளே இருக்கும் இயந்திரப் பாகங்களைச் சந்தேகிக்கலாம்.

4. கசிவைத் தேடுங்கள்

மூன்று இடங்கள். டிரைவர் கால் வைக்கும் இடத்தில், பெடலின் தள்ளுகம்பி எஞ்சின் பக்கச் சுவருக்குள் நுழையும் இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஸ்லேவ் வெளியே இருந்தால் அதன் டஸ்ட் கவரை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே இருந்தால் பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதியைப் பாருங்கள்.

அடியில் சொட்டுவது எஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா என்ற சந்தேகம் வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும், மற்றவை மேலே மிதக்கும். எஞ்சினின் பின்பக்கச் சீல் கசிவை ஸ்லேவ் கசிவு என்று முடிவுகட்டிப் பணம் செலவழிப்பதை இந்தச் சொட்டு தடுத்துவிடும்.

போர்ஷே பாக்ஸ்டர், பிஎம்டபிள்யூ இசட்4 போன்றவற்றில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பா. கிளட்ச் கசிந்தால் பிரேக் ஆயிலும் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, கிளட்சுக்குப் போகும் குழாயை இப்படிப்பட்ட டப்பாவில் சற்று உயரத்தில் வைத்திருப்பார்கள். ஆகவே பாதி டப்பா ஆயில் இருக்கும்போதே கிளட்ச் காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடலாம்.

5. பிடித்து நிற்கும் சோதனை

என் வண்டியின் கோளாறு பிடிபட்டது இங்கேதான். டப்பாவில் ஆயில் குறையவில்லை, வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. அப்படியிருந்தும் ஆயில் தப்பிக்க ஒரு வழி உண்டு: மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே, சீலைத் தாண்டி முன்னாலிருந்து பின்னால் போய்விடும். வெளியே வராததால் எந்தத் தடயமும் இருக்காது.

சமதரையில், முன்னாலும் பின்னாலும் ஆளோ தூணோ இல்லாத இடத்தில், எஞ்சின் ஐடிலில் ஓட, சூடான வண்டியை முதல் கியரில் போட்டு கிளட்ச் பெடலை அடிவரை மிதித்துப் பிடியுங்கள். ஹேண்ட்பிரேக் வேண்டாம், வலது கால் பிரேக் பெடலுக்கு மேலே தயாராக இருக்கட்டும். ஒரு நிமிடம் காலை அசைக்காதீர்கள். வண்டி தானாக மெல்ல நகர ஆரம்பித்தால் மாஸ்டர் சீல் போய்விட்டது என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடி காத்திருக்கும்போது வண்டி முன்னால் தள்ளுவதும் இதனால்தான்.

உறுதிப்படுத்த, மாஸ்டருக்குப் பக்கத்து ரப்பர் ஹோஸை வழவழப்பான வாய் கொண்ட ஹோஸ் கிளாம்பால் இறுக்கிவிட்டு மிதியுங்கள். பெடல் கல் போல நின்றால் மாஸ்டர் சரி, கோளாறு அதற்குப் பிறகு. அப்போதும் கீழே இறங்கினால் மாஸ்டர்தான். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் கிளாம்ப் போடாதீர்கள், உடைந்துவிடும். பழைய ஹோஸாக இருந்தால் ஒரு ஆளை மிதிக்கச் சொல்லி, கையால் பிடித்துப் பாருங்கள். மிதிக்கும்போது உப்பினால் ஹோஸை மாற்றியே ஆக வேண்டும்.

6. ஏர் எடுப்பது

பழைய ஆயிலை மாற்றி ஏர் எடுத்தாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். ஜே.சி. ரோட்டில் ஆயில் வாங்கும்போது சின்ன சீல் டப்பாவாக வாங்குங்கள், திறந்துவைத்த டின் வேண்டாம். டாட் 5 சிலிகான் ஆயில், மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-உடன் சேரும். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கருவிகளில் எனக்கு வாக்குவம் பம்ப் பிடிக்காது. ஸ்லேவில் காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளின் மரை வழியே வெளிக்காற்றை உறிஞ்சி முடிவில்லாமல் குமிழி காட்டும், வேலை முடிந்ததா என்றே தெரியாது. ஒரு ஆள் பெடலில், ஒரு ஆள் நிப்பிளில் என்ற பழைய முறைதான் நம்பகமானது. நிப்பிளுக்கு ஆறு முனை ரிங் ஸ்பேனர், குழாய் நட்டுக்கு ஃப்ளேர் நட் ஸ்பேனர். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் துரு ஏறிய நட்டின் முனை மழுங்கிவிடும்.

ஒருவர் பெடலை மிதிக்கும்போது மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். பெடல் கீழே போனதும், அது மேலே வருவதற்கு முன்பே நிப்பிளை மூடிவிட வேண்டும். காற்று இருக்கும்போது பெடல் தானாக எழாது. காலால் காத்திருக்காமல் கையால் தூக்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பெடல் தொளதொளப்பு போகவில்லையா? வெளிப்பக்க ஸ்லேவ் பலவற்றில் நிப்பிள் மிக உயரமான இடத்தில் இருப்பதில்லை. காற்று அதற்கு மேலே ஒரு மூலையில் பதுங்கிவிடும், எவ்வளவு ஆயில் போனாலும் நகராது. ஸ்லேவைப் போல்ட் கழற்றி, குழாயோடு அப்படியே நிப்பிள் மேலே வரும்படி சாய்த்துப் பிடியுங்கள். தள்ளுகம்பியைக் கையால் முழுக்க உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏர் எடுங்கள். கழற்றிய நிலையில் பெடலை அடிவரை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். அப்படியும் அடம்பிடித்தால், மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, நிப்பிள் வழியே கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுங்கள். மேலே போவதுதான் குமிழியின் இயல்பு, நாம் அதற்கு வழிவிடுகிறோம். டப்பா நிரம்பி வழியாமல் பக்கத்தில் ஒரு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

பிறகு சேர்த்தவை

மாஸ்டரை மாற்றிய பிறகு கிளட்ச் வழுக்குகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். பெடல் மேலே நிற்கும் நிலையில் சில மில்லிமீட்டராவது ஃப்ரீ பிளே (பிஸ்டனைத் தள்ளாத வெற்று அசைவு) வேண்டும். தள்ளுகம்பியை அதிகமாக நீட்டி வைத்தால் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வராது, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை அடைபட்டே இருக்கும். சூட்டில் விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் அது கிளட்சையே லேசாக அழுத்திப் பிடிக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்குக் கம்பியைக் குறையுங்கள்.

ஸ்லேவ் பெல் ஹவுசிங்குக்குள் இருப்பவர்களுக்கு: கசிவு அங்கேதான் என்று தண்ணீர்ச் சோதனையில் உறுதியானால் கியர்பாக்ஸை இறக்காமல் வழியில்லை. இறக்கும்போது ஸ்லேவோடு ரிலீஸ் பேரிங், பிளேட், பிரஷர் பிளேட், எஞ்சினின் பின்பக்கச் சீல் எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பிளேட்டில் பழைய ஆயில் பட்டிருந்தால் கழுவிப் போட விடாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள்.