கதவு எண் தெரியாமலே மீனின் எடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பாம்பனில் அப்போது நாட்டுப்படகு மீனுக்குத்தான் மவுசு. புதிர் அப்படியொரு நாளில் நடக்கிறது.

படகுக்காரர் மூன்று சீலா மீன் கொண்டுவருகிறார்.

"எடை என்ன அண்ணே?"

"மூன்றும் முழுக் கிலோ. பெருக்கினால் 72. கூட்டினால் எதிரே இருக்கும் கொட்டகையின் கதவு எண்."

வியாபாரி எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார். "இதை வைத்துச் சொல்ல முடியவில்லையே!"

"இருப்பதிலேயே பெரிய மீனை மட்டும் வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டேன்."

"அப்படியானால் தெரிந்துவிட்டது."

கைப்பேசியை ஓரமாக வையுங்கள். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும்தான் இதற்குச் சரி. எல்லா வரிகளும் ஒரே பக்கத்தில் கண்ணில் பட வேண்டும்.

முதலில், பெருக்கினால் 72 வரும் மும்மூன்று எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதி, பக்கத்தில் கூட்டுத்தொகையைப் போடுங்கள்.

1, 1, 72 = 74
1, 2, 36 = 39
1, 3, 24 = 28
1, 4, 18 = 23
1, 6, 12 = 19
1, 8, 9 = 18
2, 2, 18 = 22
2, 3, 12 = 17
2, 4, 9 = 15
2, 6, 6 = 14
3, 3, 8 = 14
3, 4, 6 = 13

இனிதான் முக்கியமான இடம். "சொல்ல முடியவில்லையே" என்பதை வெறும் பேச்சாக எண்ணிக் கடந்துவிடாதீர்கள். புதிரின் உயிரே அந்த வரிதான். கதவு எண் நமக்குத்தான் தெரியாது, வியாபாரிக்குத் தெரியும். அது 17 என்றால் 2, 3, 12 என்று அவர் உடனே சொல்லியிருப்பார். 23 என்றாலும் அப்படியே. எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகும் அவர் திணறினால், அந்தத் தொகை பட்டியலில் ஒரு முறைக்கு மேல் வர வேண்டும். அப்படி வருவது 14 மட்டுமே. பார்க்காத கதவு எண்ணை அவருடைய திணறலே நமக்குச் சொல்லிவிடுகிறது!

மீதி எளிது. 2, 6, 6 என்றால் பெரிய மீன் இரண்டு. "பெரிய மீனை மட்டும்" என்றதால் விடை 3, 3, 8.

பிற்சேர்க்கை: 72 கிலோவில் சீலா ஏது என்று கேட்டு, ஒரு வாசகர் முதல் வரியை அடித்துவிட்டார். இங்கே விடை மாறாது. ஆனாலும் குறிப்பு சொல்லாமல் எந்த வரியையும் அடிக்காதீர்கள். வேறு புதிரில் அதுவே இரட்டைத் தொகையைக் கலைத்துவிடும்.

சொந்தமாகப் புதிர் அமைப்பவர்கள் 72க்குப் பதில் 36 போடலாம். விடை 2, 2, 9. 40 போட்டால் (1, 5, 8), (2, 2, 10) இரண்டுக்கும் தொகை 14, இரண்டிலும் பெரிய மீன் ஒன்றே. அங்கே கடைசிக் குறிப்பை "மூன்றும் வெவ்வேறு எடை" என்று மாற்றுங்கள்.