சரிவில் நிறுத்தினால் முதலில் ஹேண்ட்பிரேக், பிறகுதான் ‘பி’

ஆட்டோமேட்டிக் காரைச் சரிவில் நிறுத்தும்போது கியர் லீவரை நேராக ‘பி’க்கு (பார்க்கிங்) தள்ளாதீர்கள். பிரேக்கை மிதித்தபடியே ‘என்’னில் (நியூட்ரல்) வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெல்லத் தளர்த்துங்கள். வண்டி அசையாமல் நின்றால் மறுபடி மிதித்து ‘பி’க்கு மாற்றுங்கள்.

‘பி’யில் வண்டியைப் பிடித்திருப்பது கியர்பெட்டிக்குள் இருக்கும் சிறிய இரும்புக் கொக்கிதான். முன்சக்கர இயக்க வண்டியில் அது முன்சக்கரங்களை மட்டுமே பூட்டுகிறது. மொத்த எடையும் அதன்மேல் தொங்குவதால்தான் கிளம்பும்போது ‘டக்’கென்று அடிக்கிறது. பின்சக்கர ஹேண்ட்பிரேக் அந்தச் சுமையை முன்பே வாங்கிக்கொள்ளும். பழைய வண்டியின் கியர்பெட்டியைப் பிரிக்க நேர்ந்தால் ஆகும் செலவை நினைத்தால், இந்த ஐந்து நொடி பெரிதல்ல.

சமதளத்தில் இந்த வரிசை தேவையில்லை. வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிக்கு ஹேண்ட்பிரேக்கே வேண்டாம், பின்சக்கர பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதளம் பார்த்து நிறுத்தி, ‘பி’யில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.