மலையில் இருந்து அந்தமானுக்கு: குழுவாகப் பாய்மரப் படகு, ஸ்கூபா பயணம் போவது எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்காரர்கள் ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் இறங்குவது) பயணம் போடும்போது முதலில் குறிக்க வேண்டியது கடைசி டைவ் நேரத்தை. விமான டிக்கெட், விடுதி, படகு எல்லாம் அதில் இருந்து பின்னோக்கி எண்ணிப் போட வேண்டியவை.

காரணம் இதுதான். தண்ணீருக்கடியில் அழுத்தமான காற்றை இழுக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சு வழியாக மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் நைட்ரஜன் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல் எல்லாம் அதனால் வருபவை. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,440 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,133. தொட்டபெட்டா 2,637, விமானத்தையே மிஞ்சிவிடுகிறது.

ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறலாம் என்பது டைவ் செய்பவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல். 610 மீட்டருக்கு மேல் மலையேறுவதற்கும் இதே கணக்குதான். முழுசாக 24 மணி நேரம் விடுங்கள். விமானமே ஏறாதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: புதுச்சேரியில் மதியம் டைவ் அடித்துவிட்டு இரவு பஸ்ஸில் கொடைக்கானல் ஏறினால் ஆபத்து அதேதான்.

நாள் குறிப்பது

அந்தமானுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். பிறகு நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். நீரோட்டம் வேகமாகும், தண்ணீர் கலங்கும். புதியவர்களுக்கு ஏற்றது அஷ்டமியும் அதையடுத்த ஓரிரு நாட்களும். பயணம் கிளம்ப நம் வீடுகளில் தள்ளிவைக்கும் நாட்கள்தான் தண்ணீருக்குள் இறங்க நல்ல நாட்கள்.

எட்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் கோவையில் இருந்து சென்னை வழியாகப் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்). மறுநாள் கப்பலில் ஹேவ்லாக், இன்றைய பெயர் ஸ்வராஜ் தீவு. மூன்றில் இருந்து ஐந்தாம் நாள் வரை டைவ். ஆறாம் நாள் பாய்மரப் படகும் ஸ்நார்க்கலும். நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பதில் நைட்ரஜன் சேராது. ஏழாம் நாள் போர்ட் பிளேர் திரும்புங்கள், எட்டாம் நாள் விமானம். வானிலை கெட்டால் தீவுக் கப்பல் ரத்தாகும் என்பதால் அந்த ஏழாம் நாளை வெட்டிவிடாதீர்கள். பாய்மரப் படகு எல்லாத் தீவிலும் வாடகைக்குக் கிடைக்காது. அதை உறுதிசெய்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

மருத்துவப் படிவத்தை டைவ் பள்ளியிடம் முன்கூட்டியே வாங்கி நிரப்புங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை, நாள்பட்ட சைனஸ் இருந்தால் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். தீவுக்குப் போய்த் தெரிந்தால் பணமும் நாளும் வீண். கர்ப்பிணிகள் டைவ் செய்யவே கூடாது.

ஸ்கூபாவின் அடிப்படைச் சான்றிதழான ஓப்பன் வாட்டருக்கு நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். மலை ஏரிகளில் பழகாதீர்கள். குளிரில் தசை பிடித்துக்கொள்ளும், பாசிக்கொடி காலைச் சுற்றும். வாரம் ஒரு நாள் கோவைக்கோ மதுரைக்கோ இறங்கி நீச்சல் குளத்தில் பழகுங்கள்.

இறங்கும் வழியிலேயே காதுக்கும் பயிற்சி கிடைக்கிறது. ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் வரும்வரை கூடும் அழுத்தம், கடலில் சுமார் இரண்டு மீட்டர் இறங்குவதற்குச் சமம். காது அடைக்கும் முன்பே மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள். ‘டக்’ என்று விடும். வலித்த பிறகு பலமாகத் தள்ளினால் செவிப்பறை கிழியக்கூடும். கடலில் ஒவ்வொரு மீட்டருக்கும் இதைச் செய்ய வேண்டும். விடவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். சளி இருந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம்.

மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நிற்க வேண்டும். அடர்ந்த மீசை இருந்தால் கீழ் விளிம்பில் நீர் கசியும், வாசலின் தடவினால் குறையும்.

படகில்

கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பவருக்குப் படகிலும் வரும். வழக்கமாகப் போடும் அவோமின் தூக்கம் கொடுக்கும். அந்த மயக்கத்தோடு டைவ் செய்யக் கூடாது, மாற்று மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். படகில் கீழ் அறைக்குள் போகாமல் மேல்தளத்தில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

பாயின் அடியில் கிடையாக இருக்கும் பூம் கட்டை, காற்று பாயின் மறுபக்கம் மாறும்போது ஒரே வீச்சில் குறுக்கே வரும். படகோட்டி குரல் கொடுத்ததும் தலையைக் குனியுங்கள். கயிறு இறுக்கும் வின்ச்சில் விரலையும், படகுக்கும் துறைக்கும் நடுவில் காலையும் வைக்காதீர்கள். நங்கூரம் மணலில்தான் விழ வேண்டும், பவளத்தில் அல்ல. இதைக் குழுவில் ஒருவர் வாய் திறந்து கேளுங்கள். தலைக்கு மூன்று நான்கு லிட்டர் குடிநீர் ஏற்றுங்கள். குளிர்ந்த ஊர்க்காரர்களுக்குத் தாகம் தெரியும் முன்பே உடம்பில் நீர் வற்றிவிடும்.

தண்ணீருக்குள்

மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் நிரம்பிய நுரையீரலோடு மூச்சடக்கி மேலே வந்தால் காற்று இரு மடங்கு விரியும், நுரையீரல் கிழியும். முதல் முறை முயல்பவர்களுக்கு எல்லை 12 மீட்டர், ஓப்பன் வாட்டர் முடித்தவர்களுக்கு 18. சிலிண்டர் சுமார் 200 பாரில் (காற்றழுத்த அளவு) தொடங்கும். 100 ஆனதும் வழிகாட்டிக்குக் கையால் காட்டுங்கள், 50 மீதம் இருக்கும்போது மேலே இருக்க வேண்டும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் கருவியை மற்றவர் சரிபாருங்கள். சிலிண்டர் வால்வு முழுசாகத் திறக்காமல் இறங்குவது புதியவர்கள் அடிக்கடி விடும் தவறு.

பவளத்தையும் சங்கையும் தொடாதீர்கள். உதிர்ந்த பவளத் துண்டை எடுத்து வருவதுகூட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

திரும்பும்போது

கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல்படை எண் 1554. ஊர் திரும்பும் வழியில் மூட்டு வலி, மரத்துப்போதல், தள்ளாட்டம் தெரிந்தால் மேட்டுப்பாளையத்திலோ வத்தலகுண்டிலோ வண்டியை நிறுத்துங்கள். மலையேற வேண்டாம், பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் 108-ஐ அழைத்து உடனே ஆக்சிஜன் வைக்கச் சொல்லுங்கள். எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், கடைசியாக எப்போது மேலே வந்தீர்கள் என்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். மலையூர் மருத்துவமனையில் அதைக் கேட்க யாருக்கும் தோன்றாது.