க்ளெய்ம் நிலுவையில் இருக்கும்போது மாநிலம் மாறுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அமெரிக்காவில் படையை விட்டு வந்தவர், முன்னாள் படைவீரர் நலத் துறையான வி.ஏ.வில், பணியால் வந்த உடல்நலக் குறைக்கு இழப்பீடு கேட்டு டிஸெபிலிட்டி க்ளெய்ம் போடுகிறார். முடிவு வருவதற்குள் வேறு மாநிலத்துக்குக் குடிபோக வேண்டி வருகிறது. வேலை, வாடகை, பிள்ளைகளின் பள்ளி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். க்ளெய்ம் முடியும்வரை யாராலும் காத்திருக்க முடியாது, காத்திருக்கத் தேவையும் இல்லை. ஆனால் புதிதாக விண்ணப்பித்தவர்கள் இந்தச் சமயத்தில் செய்வதைப் பார்த்தால், காகித ஃபைல் காலத்தில் நடந்த அதே கூத்துகள்தான் இன்னும் நடக்கின்றன.

படிவத்தில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள், டிடி-214 என்ற பணி விடுவிப்புச் சான்றிதழை லாரியில் ஏற்றிவிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடலாம்.

ஃபைலைப் புதிய மாநிலத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது

மாற்றுவதற்கு அங்கே ஃபைல் என்று ஒன்றும் இல்லை. வி.ஏ.வுக்கு 56 வட்டார அலுவலகங்கள் இருக்கின்றன. 2016 முதல் ‘நேஷனல் வொர்க் க்யூ’ என்ற பொது வரிசையிலிருந்துதான் வேலை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. எந்த அலுவலகத்தில் ஆள் இருக்கிறதோ அங்கே போகும். ஜார்ஜியாவில் இருப்பவரின் க்ளெய்மை இன்று யூட்டாவில் ஒருவர் பார்ப்பார், அடுத்த கட்டத்தை வேறொரு மாநிலத்தில் இன்னொருவர் பார்ப்பார். தபாலில் அனுப்பும் காகிதங்கள்கூட, எந்த மாநிலத்திலிருந்து அனுப்பினாலும், விஸ்கான்சினில் உள்ள ஜேன்ஸ்வில் 4444 என்ற ஒரே தபால் பெட்டிக்குத்தான் போகின்றன. ‘டெக்சாஸ் ஆபீஸ் வேகமாம், அங்கே மாற்றச் சொல்லு’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வாபஸ் வாங்கிவிட்டுப் புது ஊரில் மறுபடி போடுவது

மேலே சொன்ன தப்பெண்ணத்தின் அடுத்த கட்டம் இது. வாபஸ் வாங்கினால் க்ளெய்மின் தேதி போய்விடும். இழப்பீடு எந்த நாளிலிருந்து கணக்காகும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தத் தேதிதான். 2025 அட்டவணைப்படி, குடும்பச் சேர்க்கை இல்லாத தனியாளுக்கு 70 சதவீத ரேட்டிங் (குறைபாட்டின் அளவுக்கு வி.ஏ. கொடுக்கும் சதவீதம்) என்றால் மாதம் 1,759.19 டாலர். வாபஸ் வாங்கி ஆறு மாதம் கழித்துப் புதிதாகப் போட்டால், பத்தாயிரம் டாலருக்கு மேல் கையை விட்டுப் போகும். வேறெந்தத் தவறும் செய்யாமலேயே போகும்.

முகவரியை ஓரிடத்தில் மாற்றிவிட்டு, எல்லா இடத்திலும் மாறிவிட்டதாக நினைப்பது

பணம் அதிகம் போவதும், கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதும் இதில்தான். கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “மாத்திட்டேனே!” எங்கே மாற்றினீர்கள்? கிளினிக் கவுன்ட்டரில் சொன்னேன் என்பார் ஒருவர். தபால் நிலையத்தில் ஃபார்வர்டிங் போட்டுவிட்டேன் என்பார் இன்னொருவர். வங்கியில் மாற்றியதை வி.ஏ.வில் மாற்றியதாக நினைத்தவர்களும் உண்டு.

வி.ஏ. என்பது ஒரே அலுவலகம் இல்லை. மருத்துவம் பார்ப்பது ஒரு பிரிவு. இழப்பீட்டை முடிவு செய்வது இன்னொரு பிரிவு. அப்பீல் போர்டு தனி. வி.ஏ. இணையதளத்தில் உங்கள் ப்ரொஃபைலில் மாற்றினால் இப்போது பல பிரிவுகளுக்கும் சேர்த்தே மாறுகிறது, அது உண்மை. அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. தபால் முகவரி ஒரு கட்டம், வீட்டு முகவரி வேறொரு கட்டம். வீட்டு முகவரியை மட்டும் திருத்தி, தபால் முகவரியைப் பழையபடி விட்டுவிட்டு, ‘சேவ்’ ஆகிவிட்டது என்று திருப்தியோடு மூடிவிடுகிறார்கள். கடிதங்கள் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

இதைவிட ஆபத்தானது சி அண்ட் பி பரிசோதனை, அதாவது க்ளெய்முக்காக நடத்தும் மருத்துவப் பரிசோதனை. பெரும்பாலான பரிசோதனைகளை வி.ஏ. தானே நடத்துவதில்லை. க்யூ.டி.சி., வி.இ.எஸ்., ஆப்டம் சர்வ் போன்ற ஒப்பந்த நிறுவனங்களுக்குக் கோரிக்கை அனுப்பும். அதில் அன்றைய தேதியில் ஃபைலில் இருக்கும் முகவரியும் போன் நம்பரும் இருக்கும். உங்களுக்கு எந்த ஊர் டாக்டர் என்பதை அந்த முகவரியின் ஜிப் கோடுதான் தீர்மானிக்கிறது. கோரிக்கை போன பிறகு நீங்கள் ப்ரொஃபைலில் செய்யும் மாற்றம் அந்த நிறுவனத்தின் கணினிக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள்.

ஓஹையோவிலிருந்து அரிசோனாவுக்குப் போகிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 3-ம் தேதி பரிசோதனைக் கோரிக்கை போகிறது. 10-ம் தேதி அவர் லாரி ஏற்றுகிறார். 12-ம் தேதி, வழியில் ஒரு மோட்டலில் உட்கார்ந்து, போனிலேயே முகவரியை மாற்றுகிறார். 14-ம் தேதி தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வருகிறது. விளம்பரம் என்று எடுக்காமல் விடுகிறார், வாய்ஸ்மெயில் பெட்டியும் நிரம்பிக் கிடக்கிறது. கிளீவ்லாந்தில் 25-ம் தேதி பரிசோதனை என்ற கடிதம் பழைய வீட்டு வாசலுக்கு வருகிறது. தபால் நிலையத்தில் போட்ட ஃபார்வர்டிங், தபால் துறை கொண்டுவரும் கடிதத்துக்குத்தான் பொருந்தும். தனியார் கூரியரில் வந்தால் அது எந்த வேலையும் செய்யாது. 25-ம் தேதி அவர் வரவில்லை. ‘ஆஜராகவில்லை’ என்று குறித்துக் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

அடுத்தது என்ன? ஃபைலில் இருப்பதை மட்டும் வைத்து முடிவு எழுதுவார்கள். முதுகுவலிக்கும் படைப்பணிக்கும் தொடர்பு உண்டா என்று சொல்ல வேண்டிய மருத்துவரின் கருத்து அங்கே இருக்காது. அது இல்லாத ஃபைல் பெரும்பாலும் மறுப்பாகத்தான் முடியும். ‘எனக்குக் கடிதமே வரவில்லை’ என்ற வாதம் சுலபமாக எடுபடாது. 1993-ல் ஹைசன் வழக்கில் முன்னாள் படைவீரர்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: தன் இருப்பிடத்தைத் தெரியப்படுத்தும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது, வானத்தையும் பூமியையும் புரட்டி அவரைத் தேட வேண்டிய கடமை வி.ஏ.வுக்கு இல்லை.

வீடு மாறும் தேதி முடிவானதும், லாரிக்குச் சொல்வதற்கு முன்பே, ப்ரொஃபைலில் இரண்டு முகவரிக் கட்டங்களையும் செல்போன் நம்பரையும் திருத்துங்கள். திருத்திய பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு 800-827-1000 என்ற எண்ணுக்கு அழைத்து மூன்றே கேள்விகள் கேளுங்கள். இழப்பீட்டு ஃபைலில் இப்போது என்ன முகவரி இருக்கிறது? பரிசோதனைக் கோரிக்கை எதுவும் வெளியே போயிருக்கிறதா, போயிருந்தால் எந்த நிறுவனத்துக்கு? என் பிரதிநிதியாக யார் பதிவாகியிருக்கிறார்? பேசியவர் சொன்ன பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இணையதளம் வேண்டாம் என்பவர்கள் 20-572 படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

கோரிக்கை போயிருந்தால் அந்த நிறுவனத்தையும் நீங்களே அழையுங்கள். ‘இந்தத் தேதிக்குப் பிறகு இந்த ஜிப் கோடில் இருப்பேன்’ என்று சொல்லுங்கள். சில சமயம் அவர்களே புது ஊரில் டாக்டரைப் பார்த்துக் கொடுப்பார்கள். சில சமயம் கோரிக்கையை வி.ஏ.வுக்குத் திருப்பிப் புதிதாக வாங்குவார்கள், அதனால் கொஞ்சம் தாமதமாகும். தாமதத்துக்குப் பயந்து, பழைய ஊருக்கே விமானம் ஏறிப் போய் வருபவர்களும் உண்டு. தேதி நெருங்கிவிட்டால் அதுவும் தப்பில்லை. மனநலப் பரிசோதனைகளில் சிலவற்றை வீடியோவில் முடிப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு மாதமாவது தெரியாத நம்பர் வந்தால் எடுங்கள். வாய்ஸ்மெயில் பெட்டியைக் காலி செய்து வையுங்கள்.

பரிசோதனை ஏற்கெனவே தவறிவிட்டதா? முடிவு வருவதற்கு முன்பு என்றால், 21-4138 படிவத்தில் காரணத்தை நாலு வரியில் எழுதி, வாடகை ஒப்பந்தமோ லாரி ரசீதோ இணைத்து, மறுதேதி கேளுங்கள்.

மறுப்பு வந்துவிட்டால், கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஓராண்டுக்குள் நகர வேண்டும். நகர்ந்தால் க்ளெய்மின் பழைய தேதியைக் காப்பாற்றலாம். இங்கேதான் இரண்டாவது முறை சறுக்குகிறார்கள். ‘ஹையர் லெவல் ரிவ்யூ’, அதாவது 20-0996 படிவம், சீக்கிரம் முடியும் என்று அதை எடுக்கிறார்கள். அதில் புதிய ஆதாரம் எதையும் பார்க்க மாட்டார்கள். நீங்கள் பெருமையாக இணைத்த வாடகை ஒப்பந்தம் ஓரமாகக் கிடக்கும். கடிதம் போவதற்கு முன்பே புது முகவரி வி.ஏ. பதிவில் இருந்து, அப்படியும் பழைய வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அது அவர்கள் பிழை. அதற்கு 20-0996 சரியான வழி, அந்த ஸ்கிரீன்ஷாட்டின் தேதி உங்களுக்கு வழிகாட்டும். நீங்கள் தாமதமாகச் சொல்லியிருந்தால் 20-0995, அதாவது சப்ளிமென்டல் க்ளெய்ம் போட்டு, புதிய ஆதாரத்தோடு போங்கள்.

பழைய வங்கிக் கணக்கை உடனே மூடுவது

மூடாதீர்கள். புதுக் கணக்கில் ஒரு தொகை வந்து விழட்டும், பிறகு பார்க்கலாம்.

பழைய செல்போன் நம்பரை விட்டுவிடுவது

வி.ஏ. இணையதளத்தில் நுழையப் பயன்படும் லாகின்.காவ், ஐடி.மீ இரண்டும் பெரும்பாலும் அந்த நம்பருக்குத்தான் கோடு அனுப்பும். முதலில் அங்கே மாற்றுங்கள்.

புது ஊரில் யாரோ நீட்டிய 21-22ல் கையெழுத்துப் போடுவது

க்ளெய்மில் உங்கள் சார்பில் செயல்படப் பிரதிநிதியை நியமிக்கும் படிவம் இது. ஒரு நேரத்தில் ஒரு பிரதிநிதிதான். புதிய 21-22 பதிவானால் பழையது தானாக ரத்தாகும். டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜியன் போன்ற, முன்னாள் படைவீரர்களுக்கான தேசிய அமைப்புகளை நியமித்திருந்தால் மாநிலம் மாறியதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. புது ஊரில் இருக்கும் அதே அமைப்பின் அலுவலரைப் போய்ப் பார்த்தால் போதும். மாநில அரசு அமைப்பையோ கவுன்ட்டி அலுவலரையோ நம்பியிருந்தவர்கள், கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ‘வேறு மாநிலம் போனாலும் என் க்ளெய்மைப் பார்ப்பீர்களா?’ மாட்டோம் என்றால் அங்கிருக்கும்போதே வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். வக்கீலோடு கட்டண ஒப்பந்தம் இருக்கும்போது இன்னொருவருக்குக் கையெழுத்துப் போட்டால், பின்னால் கட்டணத் தகராறு வரும்.

வி.ஏ. ரெக்கார்டுகளைச் சுமந்துகொண்டு, தனியார் ரெக்கார்டுகளை விட்டுவிட்டுப் போவது

வி.ஏ. ஆஸ்பத்திரிக் குறிப்புகளை இழப்பீட்டுப் பிரிவு தானே எடுத்துப் பார்க்கும். நீங்கள் பைண்டரில் சுமக்க வேண்டியதில்லை. தனியார் டாக்டர், கைரோப்ராக்டர், பழைய ஊர் எம்.ஆர்.ஐ. சென்டர் ஆகியவைதான் பிரச்சினை. 21-4142, 21-4142ஏ படிவங்களில் அனுமதி கொடுத்தால் வி.ஏ. கேட்டு வாங்கும். ஆனால் அந்த அலுவலகம் பதில் போடாவிட்டால் அதோடு நின்றுவிடும். ஊரில் இருக்கும்போது நேரில் போய் வாங்கி, நீங்களே அப்லோட் செய்துவிடுங்கள். ஆயிரம் மைல் தள்ளிப் போன பிறகு, போனில் அந்த ரெக்கார்டு அறை ஆளைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

கம்யூனிட்டி கேர் அனுமதி கூடவே வரும் என்று நினைப்பது

வராது. வெளியாள் டாக்டரிடம் போகப் பழைய ஆஸ்பத்திரி கொடுத்த அனுமதி அங்கேயே நிற்கும். புது ஊர் வி.ஏ.வில் பதிந்து, முதன்மை மருத்துவரைப் பார்த்து, புதிதாகக் கேட்க வேண்டும். கட்டுப்பாடுள்ள மருந்து எடுப்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். சிகிச்சையில் இடைவெளி விழுந்தால், ‘குணமாகிவிட்டது போலும்’ என்று ஃபைலைப் படிப்பவர் நினைக்கவும் இடம் கொடுக்கிறோம்.

பி.டி.டி. போட்டுவிட்டு உடனே ஊர் மாறுவது

பணியிலிருந்து விலகும் நாளுக்கு 180 முதல் 90 நாட்களுக்கு முன்பு போடும் க்ளெய்ம் இது. போட்ட நாளிலிருந்து 45 நாள் பரிசோதனைக்கு வரக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விடுப்பைச் சேர்த்து வைத்திருந்து முன்னதாகவே கிளம்புகிறவர்கள் நாட்காட்டியில் இதைக் குறித்துவிட்டுப் பிறகு டிக்கெட் போடுங்கள்.

நடுவில் இந்தியா போய் வருவது

வெளிநாட்டவரை மொழித்திறனுக்காக அமெரிக்கப் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அதனால் இந்தப் பிரச்சினை நம்மவர்களுக்கும் புதிதல்ல. வீடு காலி செய்தாயிற்று, புது வேலைக்கு ஒரு மாதம் இருக்கிறது, ஊருக்குப் போய் வருவோம் என்று சென்னைக்கு ஏறுகிறார்கள். அமெரிக்க நம்பர் அணைந்து கிடக்கிறது. போகும் தேதியையும் வரும் தேதியையும் 21-4138ல் எழுதி முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். பரிசோதனை நிறுவனம் தெரிந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். நம்பரை வைஃபை காலிங்கில் உயிரோடு வைத்திருங்கள்.

வராத ரேட்டிங்கை நம்பி வீடு வாங்குவது

டெக்சாஸில் 100 சதவீத ரேட்டிங் இருந்தால் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரி கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரேட்டிங் கடிதம் கையில் வரும்வரை அந்த வரியைச் சேர்த்தே மாதக் கணக்குப் போடுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பக்கத்து மாநிலத்தில் தெரிந்தவருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில்லை.

வி.ஏ. உத்தரவாதம் தரும் வீட்டுக்கடனில் வாங்கினால் ஃபண்டிங் ஃபீ என்ற ஒருமுறைக் கட்டணம் உண்டு. முதல் முறை, முன்பணம் இல்லாமல் வாங்கினால் 2.15 சதவீதம். 4,00,000 டாலர் கடனுக்கு 8,600 டாலர். இழப்பீடு வாங்குபவர்களுக்கு இது கிடையாது. க்ளெய்ம் நிலுவையில் இருக்கும்போது வாங்கினால் பெரும்பாலும் கட்ட வேண்டியிருக்கும். பின்னால் ரேட்டிங் வந்து, இழப்பீடு தொடங்கும் தேதி வீட்டுப் பத்திரம் முடிந்த நாளுக்கு முந்தையதாக இருந்தால், கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை. ரேட்டிங் கடிதம் வந்ததும் தேதியைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கடன் கொடுத்தவரிடமோ 877-827-3702 என்ற வி.ஏ. வீட்டுக்கடன் எண்ணிலோ கேளுங்கள்.