சோபாவைப் பிறாண்டும் பூனை: எனக்குப் பலித்த வழி

எங்கள் பூனை சோபாவின் ஒரே மூலையைப் பிறாண்டிப் பிறாண்டி, துணி நூல்நூலாகப் பிரிந்து பஞ்சு வெளியே தெரியும்படி செய்துவிட்டது. நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றவும், உடலை நீட்டி முறிக்கவும், பாதச் சுரப்பிகளின் மணத்தைப் பதிக்கவுமே பூனைகள் பிறாண்டுகின்றன என்பதால், அதட்டினால் அச்சம்தான் வளரும். ஆகவே, அது பின்னங்கால்களில் நின்று முழுதாக நீளும் உயரத்தில், ஆடாத அடிப்பாகம் கொண்ட மரக்கட்டையொன்றில் கற்றாழை நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அந்த மூலையை ஒட்டியே நிறுத்தினேன். (இடம்தான் முக்கியம், ஒதுக்குப்புறத்தில் வைத்தால் எட்டிக்கூடப் பார்க்காது.) சோபா மூலையில் இருபுறமும் ஒட்டும் டேப்பை ஒட்டினேன், பாதம் பிசுபிசுப்பது பூனைகளுக்குப் பிடிக்காது. கட்டையைக் கீறியபோதெல்லாம் உடனே ஒரு தின்பண்டம் கொடுத்தேன். இப்போது தூங்கி எழுந்ததும் நேராகக் கட்டைக்கே போகிறது, டேப்பையும் எடுத்துவிட்டேன்.