பிள்ளைகள் போன பிறகு: பெரிய வீட்டிலிருந்து அளவான வீட்டுக்கு மாறுவது எப்படி

நாலு அறை, பெரிய ஹோல், சுற்றி விறாந்தை, 40 பேர்ச் வளவு. மகள் கனடாவில், மகன் கட்டாரில். வீட்டைக் கூட்டி முற்றத்துச் சருகை அள்ளிப் போடவே பகல் பத்தரை ஆகிவிடுகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் அறுபதைத் தாண்டிய எத்தனையோ தம்பதிகளின் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகளைப் பற்றி வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் சொல்லுவார்கள். இங்கே அந்த வசதியை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். நம்மிடம் அதற்குப் பழக்கமும் உண்டு. பெண்பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு சிறு வீடு கட்டி ஒதுங்குவது கிழக்கில் காலங்காலமாக நடப்பதுதான்.

பலர் மேசனைக் கூப்பிடுவதில் தொடங்குகிறார்கள், சிலர் தட்டுமுட்டுகளை ஒதுக்குவதில் தொடங்குகிறார்கள். இரண்டும் பிந்திச் செய்ய வேண்டிய வேலை. முதலில் காணி உறுதி, பிறகு இடம், பிறகு வீடு, அதன் பிறகே சாமான்.

உறுதியை எடுத்து வாசியுங்கள்

காணி யார் பெயரில் இருக்கிறது, எந்த வகைக் காணி என்று பாருங்கள். இன்னும் உங்கள் பெயரில் உள்ள உறுதிக் காணி என்றால் வேலை சுலபம். நில அளவையாளரைக் கொண்டு, நீங்கள் இருக்கப்போகும் துண்டைத் தனித் துண்டாகப் பிரித்து வரைபடம் எடுங்கள். எவ்வளவு சிறிய துண்டாகப் பிரிக்கலாம் என்பதை அளக்க முன்னரே பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ கேட்டுவிடுங்கள். அந்தத் துண்டை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிள்ளைக்கு எழுதலாம்.

பின்வளவில் கட்டுவதானால் இரண்டு விஷயம் வரைபடத்திலும் உறுதியிலும் கட்டாயம் வர வேண்டும். ஒன்று, றோட்டிலிருந்து உங்கள் வாசல் வரை பாதை. 10 அடி அகலமாவது வேண்டும், அம்புலன்ஸ் உள்ளே வர வேண்டும் என்பதை நினைத்து அளந்துகொள்ளுங்கள். மற்றது கிணறு. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு என்றால் தண்ணீர் அள்ளும் உரிமையையும் பம்ப் வைக்கும் உரிமையையும் எழுதுங்கள். இன்று மகளோடு பிரச்சினை இல்லைத்தான். நாளை முன்வீட்டை வாங்கும் அந்நியருக்கு உறுதியில் எழுதியது மட்டுமே தெரியும்.

முழுவதையும் பிள்ளைக்கு நன்கொடை உறுதியாக எழுதுவதென்றால் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுங்கள். இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. காணி தகப்பன் பெயரில் இருந்ததால் சீவிய உரித்தும் அவருக்கு மட்டுமே எழுதப்படும். அவர் கண்ணை மூடினால் உரித்தும் அத்தோடு முடிந்துபோகும். தாய்க்கு அந்த வீட்டில் சட்டப்படி ஒன்றும் மிஞ்சாது. கணவன் மனைவி இருவர் பெயரையும் போட்டு, பின்னால் இருப்பவரின் சீவிய காலம் வரை என்று எழுதச் சொல்லுங்கள். உறுதியில் “மீளப்பெற முடியாத” என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி எழுதிய நன்கொடையை நீங்களாகவே திருப்பி எடுக்க முடியாது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, பிள்ளை பெரும் நன்றிகேடு செய்ததை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

வீடு ஏற்கனவே மகள் பெயருக்குப் போய்விட்டதா? அப்படியானால் ஓய்வூதியப் பணிக்கொடையைக் கொண்டுபோய் அவள் காணியில் கொட்ட வேண்டாம். கட்டடம் காணியோடு சேர்ந்தது. கட்டப்போகும் துண்டை முதலில் உங்கள் பெயருக்கு எழுதுவித்துக்கொள்ளுங்கள். மகள் வர முடியாவிட்டால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் மூலம் அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்திட இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பலாம். பிள்ளை வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்திருந்தால், புதிதாக எதையும் அவர் பெயருக்கு மாற்ற முன்னர் வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் அவருக்கு எப்படிப் பொருந்தும் என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு நிலைமை வேறு.

அம்பாறை மாவட்டத்திலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் பலரிடம் இருப்பது அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி அல்லது அளிப்புக் காணி. அதைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. நினைத்தபடி துண்டாக்கவும் முடியாது. உங்களுக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதிந்திருக்கிறது என்பதையும் போய்ப் பாருங்கள். முப்பது வருடத்துக்கு முன் கொடுத்த பெயராகவே இருக்கும்.

இடம்

சொந்த வளவை விட்டு வேறிடம் பார்ப்பவர்கள், பின்னேரம் நாலு மணிக்குக் குடையோடு அந்த ஒழுங்கையில் நடந்து பாருங்கள். கடை, பஸ் தரிப்பிடம், கோயில் அல்லது சேர்ச் அல்லது பள்ளிவாசல் பத்து நிமிட நடைக்குள் வர வேண்டும். காரும் மோட்டார் சைக்கிளும் ஓட்ட முடியாத காலம் வரும், அப்போது கால்தான் வாகனம். பேச்சுத்துணையும் மருந்து மாதிரி முக்கியம். அந்தக் கிராம சேவகர் பிரிவில் முதியோர் சங்கம் நடக்கிறதா, கூட்டம் கூடுகிறார்களா என்று விசாரியுங்கள்.

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை ஆகிய இடங்களில் பெரிய அரச வைத்தியசாலைகள் உண்டு. கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறதோ அங்கே போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பாருங்கள். இந்தக் கணக்கை மாரியில் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் காணியைப் பார்த்து முற்பணம் கொடுத்தவர்கள் கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். முடிந்தால் நவம்பர், டிசம்பரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கறையைக் காட்டச் சொல்லுங்கள், 2011 ஜனவரி வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும்.

வீடு

இரண்டு பேருக்கு 700 சதுர அடி தாராளம். 12க்கு 12 படுக்கை அறை, 10க்கு 10 இன்னொரு அறை, 12க்கு 14 ஹோல், 8க்கு 10 குசினி, 6க்கு 8 குளியலறை, முன்னால் 8 அடி அகல விறாந்தை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்களே என்று மூன்றாவது அறை கட்ட வேண்டாம். இரண்டு கிழமை வரும் பிள்ளைகளுக்காக ஐம்பது கிழமை அதைக் கூட்டப்போவது நீங்கள்தான். விறாந்தையை நுளம்புவலைச் சட்டத்தால் அடைத்து, மடிக்கும் கட்டில் இரண்டு வாங்கி வையுங்கள். மேற்குப் பக்கத்தில் படுக்கை அறையை வைத்தால் கச்சான் காற்றுக் காலத்தில் இரவிலும் சுவர் சுடும். அந்தப் பக்கம் குசினிக்கும் குளியலறைக்கும் போகட்டும்.

அத்திவார உயரத்தில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளத்துக்குப் பயந்து மேசன் இரண்டு அடி உயர்த்துவார். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும். இரண்டு அடி உயரத்துக்கு 24 அடி நீளம். முன்னால் அவ்வளவு இடம் இருக்காது. வீட்டு வாசல் பக்க முற்றத்தை ஒரு அடி மண் போட்டு உயர்த்தினால் 12 அடிச் சாய்தளம் போதும். மண்ணை வீட்டோடு சேர்த்தே நிரப்புங்கள், பிறகு செய்தால் லோட் கணக்கில் செலவு கூடும்.

குளியலறையில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஆகவே இதில் சிக்கனம் வேண்டாம். அது படுக்கை அறையோடு ஒட்டியிருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பு கதவில் முட்டினால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. நிலை 36 அங்குல அகலம். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், வாசலில் படி இல்லாமல், தண்ணீர் ஓட அடிக்குக் கால் அங்குலச் சரிவு. கொமட் இருக்கை நிலத்திலிருந்து 17, 18 அங்குலம் வர வேண்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அதைவிடத் தாழ்ந்தவை, அடியில் இரண்டு அங்குலம் கொங்கிறீட் போட்டு உயர்த்தலாம்.

பிடிகம்பி 33 முதல் 36 அங்குல உயரத்தில். இங்கே கவனியுங்கள்: நம் சுவர்கள் பலவும் உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல். அதில் பிளாஸ்டிக் பிளக் அடித்துப் பூட்டிய கம்பி துவாய் தொங்கத் தாங்கும், ஆள் தொங்கத் தாங்காது. சுவர் எழும்பும்போதே கம்பி வரும் இடத்தில் கல்லின் ஓட்டையைக் கொங்கிறீட்டால் நிரப்பச் சொல்லுங்கள், நிரப்பிய இடத்தைப் பூசுவதற்கு முன் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். கடற்கரைப் பக்கம் சாதாரண இரும்பு உப்புக்காற்றில் இரண்டு மாரியும் தாங்காது, 316 ரகத் துருப்பிடிக்காத உருக்குக் கேளுங்கள்.

மணல் பாங்கான காணியில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். மலக்குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். அயல்வளவுக் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கட்ட முன்னர் சபையில் வரைபட அனுமதி எடுங்கள். அனுமதி இல்லாத வீட்டுக்குத் தனி மின் மீற்றர் எடுப்பது இழுபடும், முன்வீட்டிலிருந்து வயர் இழுத்துச் சமாளிக்க வேண்டி வரும்.

சாமான்

குடிபோவதற்கு நாலு மாதம் முன்னால் தொடங்கி, கிழமைக்கு ஓர் அறை என்று வையுங்கள். முதலில் குசினி, கடைசியில் படங்களும் கடிதங்களும். படப்பெட்டியை முதலில் திறந்தால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும்.

புதிய வீட்டின் வாசல் அகலத்தையும் அறை அளவையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்திருங்கள். முதிரை அலுமாரி ஒன்றை எடுங்கள். 7 அடி உயரம், 5 அடி அகலம், 2 அடி ஆழம். 12 அடி அறையில் கட்டிலும் அதுவும் நின்றால் நடக்க இடமில்லை, எட்டாத மேல்தட்டுக்கு ஏணி வேண்டும். பழைய அலுமாரிகள் பலவற்றில் தலைப்பகுதியும் அடிப்பலகையும் ஆப்பு வைத்துப் பூட்டியவை, ஓடாவியார் ஒருவர் வந்தால் சேதமில்லாமல் கழற்றுவார். உயரத்தைக் குறைத்து இரண்டு சிறு அலுமாரியாக்கலாம். நல்ல முதிரையை விறகு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கிடாரம், அண்டா, பெரிய தாச்சி எல்லாம் ஐம்பது பேர் சாப்பிட்ட வீட்டுக்கு உரியவை. கோயிலுக்கோ கிராமச் சங்கத்துக்கோ கொடுக்கலாம், அவர்களுக்குத் தேவையா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வெற்றிலை வைக்கும் வட்டாவும் குத்துவிளக்கும் உங்களோடு வரட்டும். வரும் ஆட்களை வரவேற்க அவை வேண்டும்.

பிள்ளைகளின் சாமானைக் காட்டி வீடியோ அழைப்பில் கேளுங்கள், ஒரு திகதி சொல்லுங்கள். “அப்படியே இருக்கட்டும்” என்று பதில் வந்தால் ஆளுக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் இல்லை. உறுதி, பிறப்பு, விவாகச் சான்றிதழ், ஓய்வூதிய ஆவணங்கள், வங்கிப் புத்தகம் ஆகியவை தண்ணீர் புகாத ஒரு பெட்டியில், அலுமாரியின் மேல்தட்டில். லொறியில் ஏற்றாமல் கையோடு கொண்டு போங்கள்.

பழைய வீடு

வாடகைக்குக் கொடுத்தால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும், வெறும் முத்திரைத் தாள் நீதிமன்றத்தில் கைகொடுக்காது. பூட்டி வைத்தால் ஒரே வருடத்தில் கறையான் நிலைகளைத் தின்றுவிடும். கிழமைக்கு ஒருநாள் யன்னல் திறக்க ஓர் ஆளை ஒழுங்கு செய்யுங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள், பீலியில் சருகு தேங்க விடாதீர்கள். டெங்கு நுளம்பு அங்கேதான் பெருகும், வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும்.

குடிபோன மாதத்தில்

பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில் நல்ல நாள் பாருங்கள், மழையில் மெத்தையும் மரமும் கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே ஏற்றி, இறக்கியபின் நாலு மணித்தியாலம் கழித்துக் கரண்ட் கொடுங்கள். புதிய கிராம சேவகரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பையும் வங்கி முகவரியையும் மாற்றுங்கள். பிரதேச செயலகம் மாறினால் ஓய்வூதியக் கோவையையும் மாற்றக் கேளுங்கள், இல்லாவிட்டால் வருடாந்த வாழ்க்கைச் சான்றிதழ் பழைய இடத்தில் தேங்கிப் பணம் நின்றுவிடும். 60 வயது முடிந்தவர்கள் அங்கேயே முதியோர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். 1990 இலக்க அம்புலன்ஸுக்கு வழி சொல்ல, பிரதான வீதியிலிருந்து உங்கள் படலை வரையான அடையாளங்களை இரண்டு வரியில் எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.